இரண்டு சின்னத் தலையணைகள்

கதவைச் சாத்திக்கொண்டு ஹென்றி தலையணை தைத்துக்கொண்டிருந்தார். ஒன்றல்ல, இரண்டு. பச்சைக் குழந்தைக்கு வைக்கிற அளவு. அந்த வீட்டில் பச்சைக் குழந்தையே கிடையாது.

ஜன்னல் இடுக்கு வழியாக இதைப் பக்கத்து வீட்டுப் பூவம்மா பார்த்துவிட்டாள். ராயபுரத்தில் இவ்வளவு சின்னத் தலையணையை வேறெங்கே வைப்பார்கள், சவப்பெட்டியில்தான். தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். மூலைக்கு மூலை எதற்கு நாடா என்பது மட்டும் விளங்கவில்லை. நகராமலிருக்க ஆணியில் கட்டுவார்களாயிருக்கும்.

மறுநாள் ஹென்றியின் மனைவி அடைக்கலமேரிக்கு முட்டி ஆபரேஷன். மேரி லேசுப்பட்ட உடம்புக்காரி அல்ல. அவள் தெருமுனைக்கு வந்தால் ரிக்‌ஷாக்கார மஜீது வண்டியைத் திருப்பிக்கொண்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்கிவிடுவான். முட்டி தேய்ந்துபோய், கக்கூஸுக்குப் போவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேய்ந்ததை எடுத்துவிட்டு இரும்பு முட்டி பொருத்தலாம் என்றார் சீமையில் படித்து வந்த டாக்டர். இந்தக் கனத்துக்கு மயக்க மருந்தே ஆபத்து, கண் விழிக்காமலும் போகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் ஹென்றியின் பின்னாலேயே பூவம்மா போனாள். யாரும் கூப்பிடவில்லை, கால் தானாகப் போயிற்று. மாதா கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மனுஷன் அடி வைத்து அளந்துகொண்டிருந்தார். அளந்து முடித்து, இவ்வளவு தூரமா என்பதுபோலத் திரும்பிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டியைத் தூக்க ஆள் போதுமா என்று பார்க்கிறார், வேறென்ன? குழாயடியில் குடத்தை வைத்ததும் வைக்காததுமாகப் பூவம்மா ஆரம்பித்தாள். "பொண்டாட்டி உசுரோட கீறா. அண்ணன் பொட்டிக்குத் தலகாணி தச்சிகினு கீறாரு."

மேரி சாகவில்லை. ஆனால் டாக்டர் பயந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. புண் ஆறாமல் சீழ் வைத்தது, மறுபடியும் மயக்க மருந்து கொடுத்துக் கழுவினார்கள். எப்படியோ இரும்பு முட்டி நிலைத்து நின்றது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஹென்றி வண்டி பிடிக்கப் போயிருந்தார். துணைக்கு வந்த பூவம்மாவையும் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் டாக்டர் பேசினார். "குந்தி உட்காரக் கூடாது. முட்டி போடக் கூடாது. உடம்பு பாதியாகணும். இன்னொரு தடவை கெட்டுதுன்னா முட்டி இல்லம்மா, காலையே எடுக்கணும்."

மேரியின் காதில் ஏறியது ஒன்றுதான். "அப்போ இறாலு தொக்கு?" என்று கேட்டாள். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூவம்மா வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

வீட்டோடு கிடந்து தேறியபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மேரி தன் காலாலேயே கோயிலுக்கு நடந்தாள். மஜீது வண்டியை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தான். பூவம்மாவும் கூடப் போனாள். தலையணைக் கதையைப் பரப்பிய வெட்கம் ஒரு பக்கம், எதையாவது பார்க்காமல் விட்டுவிடுவோமோ என்ற கவலை ஒரு பக்கம்.

கோயில் வாசலில் ஹென்றி பையைத் திறந்து அந்த இரண்டு தலையணைகளையும் எடுத்தார். குனிந்து, சேலைக்கு மேலேயே மேரியின் முட்டிக்கு ஒன்றாக வைத்து, நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

நாடா இதற்குத்தானா என்று பூவம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது?" என்றாள் மேரி.

நிமிர்ந்த ஹென்றியின் கண் நிறைந்திருந்தது. "நீ பொழச்சு வந்தா, வாசல்லேர்ந்து பீடம் வரிக்கும் உன்ன முட்டி போட்டே இட்டாறேன்னு மாதாவாண்ட நேர்ந்துகினேன்."