பங்காக் கயிறு

முதலில் சன்னாசியை வயலிலிருந்து பிடித்துவந்து, துரைக்குக் காற்று வர உத்தரத்தில் தொங்கிய பங்கா என்ற துணி விசிறியைக் கயிற்றால் இழுக்கச் சொல்லி, சுவருக்கு வெளியே உட்காரவைத்தார்கள். அடுத்து, கை ஓய்ந்தாலும் காற்று ஓயக்கூடாதென்று கயிற்றை அவன் கால் கட்டைவிரலில் கட்டினார்கள். அதற்கும் பிறகு, அவன் கண்ணயர்ந்தபோதெல்லாம் பூட்ஸைக் கழற்றி அவன்மேல் எறிந்தார்கள். அவன் செத்து, துரையும் கப்பலேறி, பங்களா அருங்காட்சியகம் ஆனபின், கயிற்றுக்குச் சிவப்புச் சாயம் அடித்து, பள்ளிப் பிள்ளைகள் இழுத்துப் பார்க்க விட்டார்கள்.

கயிறு ஒரே ஓர் ஆசைக்காகத்தான் இற்றுப்போகாமல் தொங்கியது. யாராவது ஒரு பிள்ளை அவன் பெயரைக் கேட்க வேண்டும்.

"இன்னுமா ஆசை உனக்கு?" என்று துரையின் சாய்வு நாற்காலி இளித்தது. "துரையே அவனை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டார்."

"சன்னாசி என்று அவன் பெண்டாட்டி கூப்பிடுவாள், கஞ்சி கொண்டுவரும்போது. உள்ளே கிடந்த உனக்கு அது எப்படிக் கேட்கும்?"

அன்று வந்த பிள்ளைகள் நாற்காலிக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் துரையாக வேண்டும். இடம் கிடைக்காத இசக்கி என்ற சிறுமி கயிற்றை இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை சிவந்து எரிந்தது.

"மிஸ், இத நாள் பூரா இழுத்தவரு பேரு என்ன?"

கயிறு காத்திருந்த கேள்வி.

சுற்றிக்காட்ட வந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனமில்லை. சுவரில் பளபளத்த பித்தளைத் தகட்டிலிருந்த ஒரே பெயரை உரக்கப் படித்து, எல்லாரையும் திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

"சர் ஆர்தர் பெல்லிங்காம்!" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது.