அரை நொடித் திருடன்

காலை சரியாகப் பத்து மணிக்கு வந்த அந்த ஒரு போனில் மேலாளருக்கு நாக்கு வறண்டுவிட்டது.

முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு வீடு வீடாக டி.வி. படம் அனுப்பும் அவர் கம்பெனியின் செயற்கைக்கோளுக்கு ஆபீசில் சின்னவன் என்று செல்லப்பெயர். சின்னவனுக்குக் கட்டளை போடும் ரகசிய எண் தன் கையில் இருப்பதாகப் போனில் ஒரு கரகரத்த குரல் சொன்னது. சந்தேகமா, கேட்டுக்கொள் என்று முதல் ஆறு இலக்கங்களைப் பிசகாமல் ஒப்பித்தது. மாலை ஐந்து மணிக்குக் கால்பந்து இறுதி ஆட்டம். அதற்குள் ஒரு கிலோ தங்கம் வராவிட்டால் சின்னவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், ஊர் உலகமெல்லாம் இருட்டுத் திரையை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

எண்ணை மாற்றுவதென்றால் இரண்டு நாள் வேலை. போதாக்குறைக்குக் கம்பெனி முதலாளி மேலாளரின் சொந்த மாமனார்.

"மாப்பிள்ளை, அஞ்சு மணிக்குள்ள ஆளைப் பிடிங்க. இல்லேன்னா ஆபீஸ் பக்கமும் வராதீங்க, வீட்டுப் பக்கமும் வராதீங்க" என்று சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பஸ் நிலையத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து பேசியிருக்கிறார்கள், குரலை ஏதோ கருவியால் மாற்றியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். அதோடு அவர் சரக்கு தீர்ந்துவிட்டது.

மேலாளர் மட்டும் ஆபீஸ் போனில் பதிவாகியிருந்த அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். ஏழாவது முறை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"சார், நான் கேக்கற ஒவ்வொரு கேள்விக்கும் இவன் கொஞ்சம் நின்னு பதில் சொல்றான், கவனிச்சீங்களா?"

"யோசிச்சுப் பேசறான்."

"'கேக்குதா'ன்னு கேட்டேனே, அதுக்குமா யோசிப்பான்?"

விஷயம் இதுதான். கம்பெனிக்கு நடுக்கடல் தீவொன்றில் ஒரு தரை நிலையம் உண்டு; ரகசிய எண்ணைப் போட்டுச் சின்னவனுக்குக் கட்டளை அனுப்புவது அங்கிருந்துதான். அங்கிருந்து போன் பேசினால் பேச்சு சின்னவன் வரை ஏறி இறங்க வேண்டும். போய் வர அரை நொடி. அவசரப்பட்டு வாயைத் திறந்தால் இரண்டு பேச்சும் முட்டிக்கொள்ளும். அதனால் மனசுக்குள் ஒன்று எண்ணிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். நாளாக ஆக அது நாக்கிலேயே ஊறிவிடும். அந்தத் தீவில் பத்து வருடம் தனி ஆளாகக் குப்பை கொட்டிவிட்டு, போன மாதம்தான் திரும்பியவர் ஒரே ஒருவர். ஆபீசில் அவருக்குப் பெயரே தீவுக்காரர்.

ஜீப் பறந்தது. மேலாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போகிற வழியிலேயே மாமனாரைக் கூப்பிட்டு ஆள் அகப்பட்டாச்சு என்றார். என் மாப்பிள்ளையாச்சே என்று அவரும் பூரித்துப்போனார்.

கதவைத் திறந்தது தீவுக்காரரின் மனைவி. கூடத்தில் தீவுக்காரர் ஒரு பக்கக் கன்னம் வீங்கி, வாய் நிறையப் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். என்ன கேட்டாலும் "ஊ" என்றார். இன்ஸ்பெக்டர் பல் டாக்டருக்குப் போன் போட்டார்.

"பத்து மணிக்கா? பத்து மணிக்கு என் ரெண்டு கையும் அவர் வாய்க்குள்ளதான் இருந்துச்சு" என்றார் டாக்டர்.

மேலாளர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். மணி நாலரை. மாமனாரிடம் வேறு பீற்றிக்கொண்டாகிவிட்டது. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுப் படியேறுவது?

அவர் படுகிற பாட்டைப் பார்த்து அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். யாரும் கேட்காமலே தன் பாட்டைச் சொல்லிச் சிரித்தாள்.

"பத்து வருஷமா இந்த மனுஷனோட போன்லயேதான் சார் குடித்தனம் பண்ணினேன். அவ்வளவு மறதி. மூக்குக் கண்ணாடியை எங்க வெச்சேன்னு அங்கேருந்து என்னைக் கேப்பார். எல்லாத்தையும் நான்தான் ஞாபகம் வெச்சுச் சொல்லணும்."

மேலாளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். கடைசி நம்பிக்கையாகக் கேட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த ரகசிய எண்ணை இவர் யார்கிட்டயாவது சொல்லியிருப்பாரா?"

இரண்டடி தூரத்தில் நின்றிருந்த அந்த அம்மாள், மனசுக்குள் ஒன்று எண்ணுகிற நேரம் பொறுத்து, "எனக்கென்ன சார் தெரியும்?" என்றாள்.