எண்ணெய்க் கை

1986-ஆம் வருடத்துக் கோடை விடுமுறை. செஞ்சி கோட்டை வீதி நூலகத்தின் சிறுவர் அறைக்குள் நுழைந்ததுமே நூலகர் சாகிராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யானைப் படப் புத்தகத்தின் மேல் பாதி கடித்த பஜ்ஜி ஒன்று கிடந்தது.

"யாரு வேலை இது? எண்ணெய்க் கையோட புத்தகத்தத் தொடாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

பின்வரிசையில் கிசுகிசுப்பும் சிரிப்பும் அடங்கவே இல்லை.

"அங்க இன்னா சிரிப்பு? நாற்காலியச் சாய்க்காதீங்க! காலையிலதான் ஒண்ணு ஒடஞ்சுது."

ஜன்னலோரத்தில் ஒரு தலை அட்லஸ் மேல் சாய்ந்து சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சாகிரா அட்லஸை வெடுக்கென்று உருவினாள். தலை மேசையில் 'ணங்'கென்று மோதியது.

"தூங்கறதுன்னா வூட்டுக்குப் போங்க. இன்னும் ரெண்டு நாளு உங்களோட மாரடிக்க என்னால முடியாது!"

சத்தம் கேட்டு ஜில்லா நூலக அதிகாரி பாண்டுரங்கன் ஓடி வந்தார்.

"ஏம்மா இப்படிக் கத்துற? கொஞ்சம் மரியாதையாப் பேசக் கூடாதா?"

"மரியாதை கெடக்குது சார். மொதல்ல அதுங்கள உள்ள வுடுங்க."

சாகிரா கைகாட்டிய ஜன்னலுக்கு வெளியே, கொளுத்துகிற வெயிலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது குழந்தைகள் நின்றிருந்தார்கள்.

"அதெப்படிம்மா? ஜில்லா பூராவுல இருந்தும் உன்ன மாதிரி நூலகருங்க பயிற்சிக்கு வந்து உட்கார்ந்திருக்காங்க. பசங்கள உள்ள வுட்டா ஒரே தொந்தரவு."

சொல்லிவிட்டு அவர் சாக்பீஸை எடுத்தார். கரும்பலகையில் அன்றைய பாடத்தின் தலைப்பைக் கொட்டை எழுத்தில் எழுதினார்:

'குழந்தைகளை நூலகத்துக்கு வரவழைப்பது எப்படி?'