புல்வெளியில் ஒரு பலகை

"இந்த நாட்டுல குடும்ப டாக்டர் இல்லாத வீடுன்னு ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அதுக்காகத்தான் நான் எலெக்ஷன்ல நிக்கிறேன்" என்றபடியே காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார் வேட்பாளர் கோலின் கிரைட்டன்.

வெர்னா அவருடைய கோட்டை வாங்கி மாட்டினாள். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வீட்டுக்கு வந்தவரை, அவர் ஓட்டுக் கேட்க வந்தவராகவே இருந்தாலும், டீ கொடுக்காமல் அனுப்பினால் அக்கம்பக்கத்தில் பேச்சாகிவிடும்.

"இடுப்பு இப்ப எப்படி இருக்கு வெர்னா? படி ஏற முடியுதா?"

எலெக்ஷன் வந்துவிட்டால் போதும், ஊரில் உள்ள எல்லார் இடுப்பும் முழங்காலும் இவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏதோ ஏறி இறங்கறேன்" என்றாள்.

சமையலறை மேஜையில் அவள் கணவர் எவரெட் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள்ளும் கழுத்தில் மஃப்ளர். வேட்பாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியெல்லாம் மாகாணத்தோட பொறுப்பாச்சே. நீங்க ஒட்டாவா பார்லிமெண்டுக்குப் போய் என்னத்தக் கிழிக்கப் போறீங்க?"

"பணம் ஒட்டாவாலேர்ந்துதான எவரெட் வரணும்? அங்க கைய விரிச்சா மாகாணம் என்ன பண்ணும்?"

"மாகாணத்துல கேட்டா ஒட்டாவாவைக் காட்டறான். ஒட்டாவாவுல கேட்டா மாகாணத்தைக் காட்டறான். ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்ததுல எனக்குக் கழுத்தே வீங்கிப்போச்சு."

சொல்லிவிட்டு மஃப்ளரை அவிழ்த்தார். தாடைக்குக் கீழே வால்நட் அளவுக்கு ஒரு கட்டி.

கோலினின் கை சட்டென்று அந்தக் கட்டியை நோக்கி உயர்ந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு டீக் கோப்பையை எடுத்துக்கொண்டது.

"எப்பலேர்ந்து?" என்று கோப்பையைப் பார்த்துக் கேட்டார்.

"ஜூலையிலேர்ந்து" என்றாள் வெர்னா. "முதல்ல பட்டாணி மாதிரி இருந்தது."

"யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

வெர்னாவுக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த டீ தட்டில் தளும்பியது. "யார்கிட்ட காட்டறது? ஊருக்கே இருந்தது ஒரு டாக்டர். அவர்தான் ஏப்ரல்ல கிளினிக்கை இழுத்து மூடிட்டாரே! இப்ப அங்க ஏதோ ஆபீஸ் வந்திருக்கு, கண்ணாடி பூரா போஸ்டர். எமர்ஜென்சிக்குப் போனோம். டாக்டர் இல்ல, திங்கக்கிழமை வாங்கன்னு கதவுல ஒட்டியிருக்கு. புது டாக்டருக்காகப் பேரைப் பதிஞ்சு வச்சோம். உங்க முறை வந்தா கூப்பிடறோம்னாங்க. இன்னும் கூப்பிட்டபாடில்ல."

"இதைத்தான் நானும் வீடு வீடாச் சொல்லிக்கிட்டு வரேன்!" கோலினின் குரல் மேடை ஏறிவிட்டது. "இருக்கற டாக்டர்களைத் தக்கவச்சுக்க இந்த அரசாங்கத்துக்குத் தெரியல. சக்கையாப் பிழிஞ்சா எவன் இருப்பான்?"

"அப்ப டாக்டர்தான் பாவம்ங்கறீங்க" என்றார் எவரெட்.

"பாவம்தான். தனி ஆளா ஒரு ஊரையே எத்தனை வருஷம் சுமக்க முடியும்? ஒவ்வொருத்தரா நாடி பிடிச்சுப் பார்த்து என்ன ஆகப்போகுது? சட்டத்தை மாத்தினா லட்சம் பேருக்கு விடியும்."

"லட்சம் பேருக்கும் நல்லா விடியட்டும்" என்றாள் வெர்னா. "அதுவரைக்கும் இவர் கழுத்தை நான் என்ன செய்யறதுன்னு சொல்லுங்க."

கோலின் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு மேடைக் குரலை விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "ஹாலிஃபாக்ஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. நாளைக்கே. தள்ளிப் போடாதீங்க வெர்னா."

அந்தக் குரலைக் கேட்டதும் வெர்னா கோப்பையை மேஜையில் வைத்துவிட்டாள். சாதாரண விஷயத்துக்கு அந்தக் குரல் வராது என்று அவளுக்குத் தெரியும்.

எவரெட் மட்டும் சிரித்தார். "அமெரிக்காக்காரனுக்கு வர்ற மாதிரி நமக்கு ஆஸ்பத்திரி பில் வராதுன்னு காலம் பூரா பெருமை அடிச்சவன் நான். டாக்டரே வராத ஊருக்கு பில் எங்கேர்ந்து வரும்?"

கோலின் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். வாசலில் நின்று, வந்த காரியத்தைத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்க முன்புல்வெளியில என் பேர் போட்ட பலகை ஒண்ணு நட்டுக்கட்டுமா? உங்க வீடு ரோட்டுலேர்ந்து நல்லாத் தெரியும். ஊர்ல உங்களுக்குன்னு ஒரு மதிப்பு இருக்கு."

"தாராளமா நடுங்க" என்றார் எவரெட்.

வெர்னா அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். எவரெட் கண்டுகொள்ளவில்லை. "நடுங்க, இதோ வரேன்" என்று மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கக் கொட்டகைக்குப் போனார்.

கோலின் காரிலிருந்து பளபளப்பான பிளாஸ்டிக் பலகை ஒன்றை எடுத்து வந்து, அதன் கம்பிக் கால்களைப் புல்லில் அழுத்தி நட்டார். எட்ட நின்று திருப்தியாகப் பார்த்தார். அதற்குள் எவரெட் ஒரு கனமான ஓக் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"உங்க எலெக்ஷன் ஆபீஸ் குப்பைத் தொட்டியில கிடந்தது. என் கையால செதுக்கினதாச்சே, விட்டுட்டு வர மனசு கேக்கல" என்று அதைப் பிளாஸ்டிக் பலகைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். "எங்க ஓட்டு உங்களுக்குத்தான். இந்த ரெண்டு பலகையில எதுக்குப் போடணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

ஏப்ரல் வரை கிளினிக் வாசலில் தொங்கிய அந்தப் பலகையை வெர்னா படியில் நின்றபடியே மறுபடியும் ஒருமுறை படித்தாள்: "டாக்டர் கோலின் கிரைட்டன், குடும்ப மருத்துவர்."