தண்ணீர்ச் சத்தம்

மனைவி பெனிட்டா இறந்து நாற்பது நாளாகியும் சகாயம் தத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கவில்லை. தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தரமாட்டார்கள். இருவரும் சேர்ந்து விண்ணப்பித்து, போட்டோவில் பார்த்துச் சம்மதித்ததோ இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு. வீடு பார்க்க அதிகாரி வரும் நேரத்தில் அவன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

அந்த அம்மா ஜன்னல் கம்பி, மாடிப்படி எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

“உங்க மிஸஸ் எங்க சார்?”

“குளிக்கிறா மேடம். நேரமாகும்.”

“ஆகட்டுமே. அவங்க கையெழுத்தும் வேணும். மூணு வருஷம் நீங்க காத்திருந்தீங்க, நான் பத்து நிமிஷம் இருக்கமாட்டேனா?”

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சகாயம் படிவத்தில் அவள் பெயருக்கு எதிரே இருந்த வெற்றிடத்தையே பார்த்தான்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

“முடிச்சிட்டாங்க போல” என்று அந்த அம்மா பேனாவின் மூடியைக் கழற்றினார்.