பாதி மாத்திரை

எந்த மருந்தை எவ்வளவு விழுங்கினோம் என்று ரத்தத்தைப் பார்த்தே ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த அந்த இயந்திரம் சொல்லிவிடும். எச்.ஐ.வி.க்குச் சாப்பிட்ட பழைய மாத்திரை கேட்காமல் போனதால், புது மருந்துக்காகத் தவமணி அதன் முன்னால் கைநீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏழு மாசமா தினமும் பாதி மாத்திரைதான் உள்ள போயிருக்கு. மீதிப் பாதி எங்கம்மா?" என்றார் டாக்டர்.

தவமணி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இருக்குதுங்க. இங்க யாராச்சும் பாத்துருவாங்கன்னு பயந்துட்டு வரமாட்டேங்கறாரு. அதான் உடைச்சுக் குடுத்தனுங்க."

"பாதி பாதியாச் சாப்பிட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும், அப்ப அவருக்கும் இனி அது கேக்காதும்மா. அவர் ரத்தத்தைப் பாக்காம வேற மருந்து தரமுடியாது."

தவமணி கணவனை போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

அவன், "அங்க கூட்டம் இருக்குதா?" என்று அழுதபடி கேட்டான்.