சிறகு காயும் நேரம்

ஓர் ஆமை சொன்ன இந்தக் கதையை நான் பல வருடங்கள் நம்பவில்லை. நல்லவர்கள் இப்படிச் செய்வார்களா என்ற சந்தேகம்தான். நானும் இரண்டு குழுக்களில் உட்கார்ந்து எழுந்த பிறகு அந்தச் சந்தேகம் குறைந்துவிட்டது.

ஏரியின் ஆழத்தை ஆராய்ந்துவந்தது ஒரு கிழக் கூழைக்கடாப் பறவை. அதற்காக நாள் முழுவதும் முங்கி அடிமண் எடுத்துத் தந்தது ஓர் இளம் நீர்க்காகம். நீர்க்காகத்தின் சிறகில் தண்ணீர் ஊறிவிடும். வெயிலில் விரித்துக் காயவைத்தால்தான் பறக்க முடியும்.

“மத்தியானம் ஒரு மணி நேரம் சிறகு காயவைக்க விடுங்கள், ஐயா. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் பறக்கவே இல்லை” என்றது நீர்க்காகம்.

“நியாயம், தம்பி. நானும் நனைந்து வளர்ந்தவன்தான்.”

“நீங்கள் முங்கி யாரும் பார்த்ததில்லையே, ஐயா!”

கூழைக்கடா சிரித்துக்கொண்டே ஒரு குழு அமைத்தது. தானே தலைவர், இந்தக் கதையைச் சொன்ன ஆமை உறுப்பினர். ஏரியின் இளம் பறவைகள் எவ்வளவு நேரம் நனைகின்றன என்று நீருக்குள் போய்ப் பார்த்து அறிக்கை எழுதும் பொறுப்பு நீர்க்காகத்துக்கே வந்தது.

“எப்போது செய்வது, ஐயா?”

“மத்தியானம் நீ சும்மாதானே இருக்கப்போகிறாய்?”

மூன்று மாதம் மத்தியானமெல்லாம் அது முங்கியது. அறிக்கை அருமையாக வந்தது. ‘இளையவர்களின் சிறகு காய வேண்டும்’ என்பதுதான் முதல் வரி. அதை வாசிக்கப் பக்கத்து ஏரியில் அழைத்தார்கள். கூழைக்கடா பறந்து போனது. எழுதிய நீர்க்காகம் இரண்டு முறை எம்பிப் பார்த்துவிட்டுக் கரையிலேயே நின்றது.

“பாவம் அந்தப் பிள்ளை” என்று இதைச் சொல்லும்போதெல்லாம் ஆமை கண்கலங்கும். போன வாரம்தான் ஆமையிடம் கேட்டேன்: “முங்க உங்களுக்கும் தெரியுமே. ஒரு மத்தியானமாவது அந்தப் பிள்ளைக்குப் பதில் நீங்கள் இறங்கியிருக்கக் கூடாதா?”